வெள்ளை ஷூ மஞ்சளாகாமல் துவைப்பதும் காப்பதும்: முழுமையான வழிகாட்டி

என் முதல் வெள்ளை கேன்வாஸ் ஷூவைப் பாழாக்கியது மழையும் இல்லை, சேறும் இல்லை. வாங்கி மூன்று மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ‘இன்றைக்கு இதைப் புதுசு மாதிரி ஆக்கிவிட வேண்டியதுதான்’ என்று உட்கார்ந்த என் உற்சாகம்தான் காரணம். வாளித் தண்ணீரில் ப்ளீச்சைத் தாராளமாக ஊற்றி, ஷூவை முழுதாக முக்கி ஊறவைத்து, துணி துவைக்கும் பிரஷால் அடித்துத் தேய்த்து, உச்சி வெயிலில் வைத்தேன். மாலையில் போய் எடுத்தால், துணி வெள்ளையாகத்தான் இருந்தது. ஆனால் துணியும் ரப்பரும் சேரும் ஓரம் முழுக்க டீ சிந்திக் காய்ந்த மாதிரி ஒரு பழுப்புக் கோடு. நாக்குப் பகுதியில் உள்ளே இருந்த ஸ்பாஞ்ச் மஞ்சளாகி வெளியே தெரிந்தது. இடது ஷூவின் சோல் முன்பக்கம் வாய் பிளந்திருந்தது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்த கதை.

அன்று எனக்குத் தெரியாதது ஒன்றுதான்: அழுக்கு வேறு, மஞ்சள் வேறு. அழுக்கு வெளியிலிருந்து வந்து ஒட்டுவது. தண்ணீர், கொஞ்சம் சோப்பு, கொஞ்சம் பொறுமை இருந்தால் போய்விடும். மஞ்சள் என்பது பெரும்பாலும் ஷூவின் பொருளிலேயே நடக்கும் வேதி மாற்றம். அழுக்கைப் போக்குகிறேன் என்று நாம் செய்கிற வேலைகளில் பாதி, மஞ்சளை அழைத்துவந்து உட்காரவைக்கிற வேலைகள். கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்த வித்தியாசத்தை மனதில் வைத்து எழுதியது.

மஞ்சள் எங்கிருந்து வருகிறது

வெள்ளை சோலுக்கும் வெள்ளை லெதரின் மேல்பூச்சுக்கும் நிறம் கொடுப்பது டைட்டானியம் டை ஆக்சைடு என்ற நிறமி. அது மஞ்சளாவதில்லை. அதைத் தன்னுள் பிடித்து வைத்திருக்கும் ரப்பரும், சோலாகவும் ஸ்பாஞ்சாகவும் பூச்சாகவும் வரும் பாலியூரிதேன் என்ற பிளாஸ்டிக்கும்தான் புற ஊதாக் கதிரும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் பட்டுப் பட்டு மெல்ல நிறம் மாறுகின்றன. அதனால்தான் ஜன்னல் ஓரம் வைத்த ஷூவில் வெயில் விழுந்த பக்கம் மட்டும் மஞ்சளாக இருக்கும்.

துணி ஷூவின் கதை வேறு. கண்ணைப் பறிக்கும் அந்த வெள்ளைக்குக் காரணம் நூலில் ஏற்றியிருக்கும் ஒளியூட்டிகள். புற ஊதாவை உறிஞ்சி நீல ஒளியாகத் திருப்பி அனுப்பும் பொருட்கள் இவை. அந்த நீலம்தான் நூலின் இயல்பான இளமஞ்சளை மறைக்கிறது. வெயிலிலும் துவைப்பிலும் அவை குறையக் குறைய, அடியில் இருந்த நிறம் வெளியே தெரியத் தொடங்கும்.

அடுத்தது சோப்பு. சரியாக அலசாத ஷூவில் சோப்பும் கரைந்த அழுக்கும் தண்ணீரோடு உள்ளேயே நிற்கும். காயும்போது தண்ணீர் துணியின் மேற்பரப்பை நோக்கி ஏறி ஆவியாகும். கூட வந்ததெல்லாம் அங்கேயே தங்கிவிடும். என் ஷூவில் வந்த பழுப்புக் கோடு இதுதான். ஸ்பாஞ்சின் மஞ்சள் குளோரின் ப்ளீச்சின் வேலை. பாலியூரிதேன், நைலான், இழுபடும் ஸ்பான்டெக்ஸ் நூல் ஆகிய மூன்றும் குளோரினோடு ஒத்துப்போகாதவை. வாய் பிளந்த சோலுக்குக் காரணம், ஊறலும் சூடும் சேர்ந்து பசையை இளக்கியது.

பெட்டியில் பத்திரமாக வைத்த ஷூவும் மஞ்சளாவதுண்டு. பிளாஸ்டிக் உறைகளில் சேர்க்கப்படும் பிஎச்டி (BHT) என்ற வேதிப்பொருள் ஆவியாகித் துணியில் படிந்து, காற்றிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளோடு சேர்ந்து மஞ்சள் நிறமாகும். ஒரு நிம்மதி, இந்த வகை மஞ்சள் வினிகர் கலந்த தண்ணீரில் அலசினால் பெரும்பாலும் மறைந்துவிடும்.

முதலில் ஷூ எதனால் ஆனது என்று பாருங்கள்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். கேன்வாஸுக்குச் சரியான வைத்தியம், வெல்வெட் மாதிரி மிருதுவான ஸ்வீடு தோலுக்கு விஷம்.

நாக்கின் உள்பக்கத்திலோ பெட்டியிலோ சிறு படக்குறிகள் அச்சிட்டிருக்கும். விரித்த விலங்குத் தோல் போன்ற வடிவம் இருந்தால் லெதர். அதே வடிவத்துக்குள் ஒரு சிறு சாய்சதுரம் இருந்தால் மேல்பூச்சு கொடுத்த லெதர். பின்னல் போட்ட குறி துணியைக் குறிக்கும். வெறும் சாய்சதுரம் என்றால் ரெக்சின், ரப்பர் போன்ற மற்ற பொருட்கள். மேல்பாகம், உள்புறம், அடிப்பாகம் மூன்றுக்கும் தனித்தனிக் குறி இருக்கும்.

குறி அழிந்துபோயிருந்தால் மறைவான இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்துப்போல் உருண்டு நின்றால் பூச்சு உள்ள லெதர் அல்லது செயற்கை லெதர்; இரண்டையும் சுத்தம் செய்யும் முறை ஒன்றுதான். உறிஞ்சிக் கருத்தால் துணி, அல்லது பூச்சில்லாத தோல். தடவினால் வெல்வெட் மாதிரி இருந்து, விரல் போன தடம் தெரிந்தால் ஸ்வீடு அல்லது நூபக்.

கையில் என்ன வேண்டும்

பெரிய பட்டியல் எதுவும் இல்லை. மிருதுவான பிரஷ் ஒன்று, சோலுக்குக் கொஞ்சம் முரட்டுப் பிரஷ் ஒன்று, பழைய டூத்பிரஷ், சாயம் போகாத வெள்ளைத் துணி இரண்டு மூன்று. பாத்திரம் கழுவும் லிக்விட். வெள்ளை வினிகர். நிறமும் அச்சும் இல்லாத வெள்ளை டிஷ்யூ பேப்பர், கொஞ்சம் அதிகமாகவே. கறை பலமாக இருந்தால் ஆக்சிஜன் ப்ளீச், அதாவது சோடியம் பெர்கார்பனேட் தூள். தண்ணீரில் போட்டால் இது ஹைட்ரஜன் பெராக்சைடும் சலவைச் சோடாவுமாகப் பிரியும், குளோரின் கிடையாது. பாக்கெட்டில் ‘ப்ளீச்’ என்று மட்டும் போட்டிருந்தால் நம்பி எடுக்காமல், பின்பக்கம் திருப்பி என்ன பொருள் என்று படித்துவிடுங்கள். சோடியம் ஹைப்போகுளோரைட் என்று இருந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

துணி ஏன் வெள்ளையாக இருக்க வேண்டும் என்றால், நீலத் துணியால் துடைத்து ஷூ இளநீலமான அனுபவமும் எனக்கு உண்டு.

படி 1: நனைக்கும் முன் உலர்ந்த தூசியைத் தட்டுங்கள்

சேறு பட்ட ஷூவை உடனே தண்ணீரில் காட்டத் தோன்றும். ஈரச்சேற்றைத் தேய்த்தால் மண் நூலிழைகளுக்குள் இன்னும் ஆழமாகப் போகும். முழுக்கக் காயவிடுங்கள். பிறகு இரண்டு ஷூவின் அடியையும் ஒன்றோடொன்று தட்டி, மீதியை உலர்ந்த பிரஷால் ஒரே திசையில் தள்ளுங்கள். சோலின் பள்ளங்களில் மாட்டிய சிறு கற்களை ஐஸ் குச்சி போன்ற மழுங்கிய எதையாவது வைத்து நெம்பி எடுக்கலாம்.

படி 2: லேஸையும் இன்சோலையும் கழற்றுங்கள்

லேஸைக் கழற்றாமல் ஷூ துவைப்பது, சட்டைக் காலரை விட்டுவிட்டுச் சட்டை துவைப்பது போல. லேஸ் அழுக்காக இருந்தால் ஷூ எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் பழசாகத்தான் தெரியும். ஒரு கிண்ணத்தில் ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீர், சுமார் 40 டிகிரி, அதில் ஒரு மேசைக்கரண்டி ஆக்சிஜன் ப்ளீச். லேஸை ஒரு மணி நேரம் ஊறவிட்டு, இரண்டு விரலுக்கு நடுவே நீளவாக்கில் உருவி அலசுங்கள். முறுக்கிப் பிழிய வேண்டாம், தட்டை லேஸ் சுருண்டுவிடும். கலவை நுரைத்து வாயு விடும் என்பதால் பாத்திரத்தை மூடி வைக்கக் கூடாது. ஊறியும் போகாத லேஸுக்கு ஒரே வைத்தியம் புது லேஸ்.

இன்சோல், அதாவது உள்ளே பாதம் படும் மெத்தை, வெளியே வந்தால் தனியாகத் துடையுங்கள். ஊறவைத்தால் உள்ளே இருக்கும் ஸ்பாஞ்ச் காய நாளாகும், வாசனையும் வரும். ஒட்டியிருக்கும் இன்சோலைப் பிய்த்து எடுக்க வேண்டாம்.

படி 3: சோலை முதலில், மேல்பாகத்தைக் கடைசியில்

பலர் தலைகீழாகச் செய்வார்கள். மேல்பாகத்தைப் பளிச்சென்று துடைத்துவிட்டு சோலைத் தேய்த்தால், சோலின் கறுப்புத் தண்ணீர் தெறித்து மேலே போய் உட்காரும். வெதுவெதுப்பான தண்ணீரில் சில சொட்டு லிக்விட் கலந்து, முரட்டுப் பிரஷால் அடிப்பக்கத்தையும் பக்கவாட்டு வெள்ளைப் பட்டையையும் முதலில் முடித்துவிடுங்கள். பட்டையின் மேல்விளிம்பில் தையலும் ரப்பரும் சேரும் கோட்டுக்கு டூத்பிரஷ். அழுக்கு அதிகம் சேர்வதும் அதிகம் விட்டுப்போவதும் அந்த இடத்தில்தான்.

ரப்பர் பட்டையில் கறுப்புக் கீறல் போகவில்லை என்றால் மெலமைன் ஸ்பாஞ்ச் பயன்படுத்தலாம். பெயர் ஸ்பாஞ்ச் என்றாலும் அது மிக நுண்ணிய உப்புத்தாள் மாதிரி வேலை செய்வது. ரப்பரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். லெதரில் தேய்த்தால் கறையோடு பூச்சும் போய், அந்த இடம் மங்கி நிற்கும். அதன் பிறகு அங்கேதான் அழுக்கு முதலில் பிடிக்கும். பற்பசையும் இதே ரகம்: ரப்பருக்குப் பரவாயில்லை, துணியின் நூலிடுக்கில் போனால் அலசி மாளாது.

படி 4: மேல்பாகம்

*லெதர், செயற்கை லெதர்.* தண்ணீர் வேண்டாம், நுரை போதும். கிண்ணத்தில் லிக்விடைக் கலக்கி, மேலே நிற்கும் நுரையை மட்டும் மிருதுவான பிரஷில் எடுத்துச் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்து, அழுக்கு நுரையோடு கலந்ததும் காய்வதற்குள் ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். ஒரு பக்கம் முழுசாக முடித்துவிட்டு அடுத்த பக்கம் போங்கள். முன்பக்கம் மடியும் சுருக்கங்களில் கோடு கோடாக அழுக்கு இருக்கும். உள்ளே கைவிட்டு, அந்த இடத்தை வெளியே தள்ளி நீவிக்கொண்டு தேயுங்கள். காற்றுத் துளைகளுக்குப் பஞ்சுக் குச்சி. கறுப்புக் கீறல்களுக்கு முதலில் பென்சில் அழிக்கும் வெள்ளை ரப்பரை முயன்று பாருங்கள். பாதிக் கீறல்கள் அதிலேயே போய்விடும். காய்ந்ததும் உண்மை லெதருக்கு மட்டும் நிறமில்லாத லெதர் கண்டிஷனரை மிகக் கொஞ்சமாகப் பூசலாம். பூச்சு உள்ள லெதர் அதை அதிகம் குடிக்காது, மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும்.

*கேன்வாஸ்.* மற்ற எல்லாவற்றையும் விட இதுதான் அடி தாங்கும், இதுதான் அதிகம் மஞ்சளாகவும் செய்யும். ஷூ முழுவதையும் ஒரே சீராக நனைத்துக்கொள்ளுங்கள். ஓரிடத்தை மட்டும் நனைத்துத் தேய்த்தால் ஈரத்தின் எல்லையில் வளையமாகக் கறை நிற்கும். சோப்புத் தண்ணீரில் டூத்பிரஷால் நெசவின் போக்கிலேயே தேயுங்கள். அழுக்கு ஊறிப்போயிருந்தால், லேஸுக்குச் சொன்ன அதே ஆக்சிஜன் ப்ளீச் கலவையில் அரைமணி நேரம் வைக்கலாம். அதற்கு மேல் பசைக்கு ஆபத்து. பூ வேலைப்பாடோ, நிறத் தையலோ, உலோக வளையமோ இருந்தால் ஊறவைக்காமல் அந்தக் கலவையைப் பிரஷால் தொட்டுத் தேய்த்து உடனே அலசிவிடுவது நல்லது.

*மெஷ், பின்னல் துணி.* ஓட்டப் பயிற்சி ஷூக்களில் வருவது. நூல் எளிதில் இழுபட்டு நிற்கும், அதனால் முரட்டுப் பிரஷ் கூடாது. நுரையை வைத்துத் தட்டித் தட்டி எடுங்கள், அழுத்தித் தேய்க்க வேண்டாம். மெஷ்ஷுக்குக் கீழே மெல்லிய ஸ்பாஞ்ச் அடுக்கு இருக்கும். அது உறிஞ்சிய சோப்பை வெளியேற்றுவதுதான் இதில் பெரிய பாடு. சோப்பை முடிந்தவரை குறைத்துப் போடுங்கள்.

*ஸ்வீடு, நூபக்.* இதற்குத் தண்ணீரே காட்டக் கூடாது. ஸ்வீடு பிரஷால் ஒரே திசையில் சீவி, கறைக்கு ஸ்வீடு அழிப்பான் அல்லது மேலே சொன்ன வெள்ளை ரப்பர். எண்ணெய் பட்டால் சோளமாவைத் தூவி இரவு முழுக்க விட்டு, காலையில் சீவி எடுங்கள். வெள்ளை ஸ்வீடை வாங்குகிறவர்களின் தைரியத்தை நான் மதிக்கிறேன். எனக்கு அந்தத் தைரியம் இல்லை.

படி 5: அலசுவது

துவைக்க எடுத்த நேரத்தைப் போல இரு மடங்கு இதற்குக் கொடுங்கள். துணி ஷூவைத் தேய்த்து முடித்ததும் அதன் நாக்கையும் குதிகால் பட்டையையும் விரலால் அழுத்திப் பாருங்கள். தண்ணீர் தெளிவாக இருக்கிறதே என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். அழுத்தியதும் வெள்ளையாக நுரை பொங்கி வரும். மஞ்சளாகப் போகிற சோப்பு அங்கேதான் ஒளிந்திருக்கிறது. தண்ணீரை மாற்றி மாற்றி, அழுத்தி விட்டு அழுத்தி விட்டு, நுரை வருவது நிற்கும்வரை அலசுங்கள். எனக்கு வழக்கமாக ஐந்து ஆறு தடவை ஆகிறது.

கடைசி அலசலுக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி வெள்ளை வினிகர். சலவைப் பொருட்கள் பெரும்பாலும் காரத்தன்மை உள்ளவை. வினிகரின் லேசான அமிலம் மிச்சக் காரத்தைச் சமன்செய்யும். உப்புத் தண்ணீராக இருந்தால் காய்ந்தபின் தெரியும் வெள்ளைப் படிவும் குறையும். அதன் பிறகு ஒருமுறை வெறும் தண்ணீர்.

லெதருக்கு இந்த அலசல் எல்லாம் கிடையாது. ஈரத்துணியைப் பிழிந்து, துணியில் நுரை ஒட்டாத அளவுக்குத் துடைத்தால் சரி.

படி 6: டிஷ்யூ பேப்பர் சுற்றிக் காயவைப்பது

உலர்ந்த துண்டில் ஷூவைச் சுருட்டி அழுத்தி, சொட்டும் தண்ணீரை எடுத்துவிடுங்கள். உள்ளே வெள்ளைக் காகிதத்தைத் திணித்து வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். செய்தித்தாள் வேண்டாம், மை ஏறும். பிறகு வெளிப்பக்கம் முழுவதும் டிஷ்யூ பேப்பரை இடைவெளி இல்லாமல் ஒட்டுங்கள். ஈரத்தில் தானாகவே ஒட்டிக்கொள்ளும். தையல், வளைவு, ரப்பர் ஓரம் எல்லாவற்றிலும் விரலால் அழுத்திப் படியவிடுங்கள். எங்கே காற்று இடைவெளி இருக்கிறதோ அங்கே கறை துணியிலேயே நின்றுவிடும்.

மறுநாள் பேப்பரை உரிக்கும்போது இதன் அருமை புரியும். காய்ந்து மொரமொரப்பான பேப்பரில், ரப்பர் ஓரம் இருந்த இடத்தில் மட்டும் பழுப்பு வரி ஓடியிருக்கும். லேஸ் துளைகளைச் சுற்றிச் சின்னச் சின்ன மஞ்சள் வட்டங்கள். ஷூவில் வந்திருக்க வேண்டிய கறையெல்லாம் பேப்பரில் அச்சாகியிருக்கும். தண்ணீர் ஆவியாகும் மேற்பரப்பு எதுவோ அங்கேதான் அழுக்கு போய்ச் சேரும்; அந்த மேற்பரப்பை நாம் துணியிலிருந்து பேப்பருக்கு மாற்றிவிட்டோம், அவ்வளவுதான். பேப்பரில் நிறம் பலமாக இருந்தால் அலசல் போதவில்லை என்று அர்த்தம். ஷூவை மறுபடி அலசி, புதுப் பேப்பர் சுற்றுங்கள்.

நிழலில், காற்றோட்டமான இடத்தில், குதிகால் கீழும் முனை மேலுமாகச் சாய்த்து வையுங்கள். உள்ளே வைத்த காகிதத்தை சில மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றினால் சீக்கிரம் காயும். துணி ஷூ ஒன்றிரண்டு நாள் எடுக்கும். ஹேர் டிரையர், ஹீட்டர், துணி உலர்த்தும் இயந்திரம் எதுவும் வேண்டாம்; சூடு பசையை இளக்கும், லெதரை விறைக்கவைக்கும். மின்விசிறிக் காற்று மட்டும் தாராளமாகக் காட்டலாம்.

வாஷிங் மெஷினில் போடலாமா

கேன்வாஸும் மெஷ்ஷும் போடலாம், லெதரும் ஸ்வீடும் கூடாது. போடுவதாக இருந்தால் லேஸ், இன்சோலைக் கழற்றி, சோலைக் கையால் கழுவிவிட்டு, வலைப்பைக்குள் வைத்து, கூட இரண்டு பழைய வெள்ளைத் துண்டுகளைச் சேர்த்துப் போடுங்கள். இல்லையென்றால் டிரம்மில் இடித்துக்கொண்டே இருக்கும். தண்ணீர் 30 டிகிரிக்குள், மென்சலவை முறை, ஸ்பின் மிகக் குறைவாக. தூள் சோப்பு கரையாமல் நூலிடுக்கில் நிற்கும் என்பதால் லிக்விட் போடுங்கள், அதுவும் வழக்கத்தில் பாதி. கூடுதலாக ஒரு முறை அலச விடுங்கள். எனக்கு ஆசை கையால் துவைக்கத்தான். இயந்திரத்துக்கு எங்கே அழுத்த வேண்டும், எங்கே விட வேண்டும் என்று தெரியாது.

ஏற்கெனவே மஞ்சளான சோலுக்கு

ரப்பர், பிளாஸ்டிக் பாகம் வெயிலில் மஞ்சளாகியிருந்தால் தேய்த்துப் பயனில்லை. அது கறை கிடையாது, ஆக்சிஜனேற்றம். இங்கே ஹைட்ரஜன் பெராக்சைடும் புற ஊதாவும் சேர்ந்து வேலை செய்யும். முடிக்கு நிறம் நீக்கப் பயன்படும் பெராக்சைடு க்ரீம்தான் வசதி, வழியாமல் நிற்கும். ‘20 வால்யூம்’ என்று போட்டிருந்தால் 6 சதவீதம், ‘40 வால்யூம்’ என்றால் 12 சதவீதம். முதல் முறை செய்பவர்கள் 6 சதவீதத்தில் தொடங்குங்கள். உங்கள் கைத்தோலில் பட்டால் எரிந்து வெள்ளையாகத் திட்டுத் திட்டாகும். கையுறை கட்டாயம், கண்ணுக்குக் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள்.

சோலைக் கழுவிக் காயவைத்து, மேல்பாகத்தின் ஓரத்தை மாஸ்கிங் டேப்பால் மூடுங்கள். க்ரீமைத் தடிப்பாக, ஒரே சீராகப் பூசுங்கள். மெல்லிய ஒளிபுகும் பிளாஸ்டிக் உறையால் காற்றுக்குமிழ் இல்லாமல் சுற்றி, சோல் பக்கம் மட்டும் வெயில் படுகிற மாதிரி வையுங்கள். மேல்பாகத்தைத் துணியால் மூடிவிட வேண்டும், இல்லையென்றால் ஒன்றை வெளுக்கப்போய் இன்னொன்று மஞ்சளாகும். அரைமணிக்கு ஒருமுறை திருப்புங்கள். க்ரீம் எங்கே காய்கிறதோ அங்கே திட்டு விழும். காய்ந்த இடத்தில் மறுபடி பூசுங்கள். இரண்டு மணி நேரத்தில் வித்தியாசம் தெரியத் தொடங்கும். நன்றாகக் கழுவிவிட்டு, போதவில்லை என்றால் இன்னொரு நாள் செய்யுங்கள். ஒரே நாளில் வெளுத்தே தீருவேன் என்று இறங்க வேண்டாம்.

இது நிரந்தரம் இல்லை. வெயில் பட்டால் மஞ்சள் திரும்பி வரும். சோல் தொட்டால் பிசுபிசுத்து உதிர்ந்தால், அது வேறு வியாதி. காற்றின் ஈரம் பாலியூரிதேனின் பிணைப்புகளையே உடைத்துக்கொண்டிருக்கிறது. அந்த ஷூவுக்கு எந்த க்ரீமும் உதவாது.

தனித்தனிக் கறைகள்

பேனா மை: ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றுங்கள். லெதரில் நாலைந்து ஒற்றலோடு நிறுத்துங்கள், அதிகம் போனால் பூச்சு கரையும். நெயில் பாலிஷ் ரிமூவரில் இருக்கும் அசிட்டோன் இன்னும் மோசம், முதல் ஒற்றலிலேயே பூச்சைக் கரைத்துவிடும்.

ரத்தம்: குளிர்ந்த தண்ணீர் மட்டும். வெந்நீர் பட்டால் புரதம் இறுகி நூலிலேயே தங்கிவிடும். துணியில் மிச்சம் இருந்தால் 3 சதவீத பெராக்சைடு ஒரு சொட்டு விடுங்கள். நுரைத்து அடங்கியதும் ஒற்றிவிட்டு அலசுங்கள்.

எண்ணெய்: தண்ணீர் காட்டும் முன் சோளமாவு அல்லது முகப் பவுடரைத் தூவி உறிஞ்சவிட்டு, பிறகு பாத்திரம் கழுவும் லிக்விடை நேரடியாகத் தடவுங்கள்.

துரு: லேஸ் வளையங்களைச் சுற்றி வரும் ஆரஞ்சு நிறம். எலுமிச்சைச் சாற்றைத் தடவிச் சிறிது நேரம் விட்டு அலசுங்கள். குளோரின் ப்ளீச் துருவை இன்னும் அழுத்தமாக்கும்.

சூயிங்கம்: பிளாஸ்டிக் பையில் ஐஸ்கட்டி போட்டு அதன்மேல் வைத்து, கல்லாக இறுகியதும் உடைத்து எடுங்கள்.

புது ஜீன்ஸின் நீலம் ஷூவின் கழுத்தில் ஏறினால் பாதிதான் போகும். புது ஜீன்ஸை இரண்டு மூன்று முறை துவைக்கும்வரை வெள்ளை ஷூவோடு போடாமல் இருப்பது சுலபம்.

பேக்கிங் சோடாவும் வினிகரும் சேர்ந்தால்

வீடியோக்களில் இதைக் கலக்கும்போது பொங்குவதைப் பார்த்தால் ஏதோ பெரிய வேலை நடக்கிற மாதிரி இருக்கும். காரமும் அமிலமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டு, கார்பன் டை ஆக்சைடு வாயு போனபின் மிஞ்சுவது தண்ணீரும் சோடியம் அசிட்டேட் என்ற உப்பும்தான். தனித்தனியாக இரண்டுக்கும் வேலை உண்டு: சோடா லேசாக உராயும், வாசனையை உறிஞ்சும், வினிகர் அலசலுக்கு உதவும். சேர்த்தால் இரண்டும் வீண்.

வீண் போனால் பரவாயில்லை, சில கலவைகள் ஆளையே பதம் பார்க்கும். குளோரின் ப்ளீச்சோடு வினிகரைச் சேர்த்தால் குளோரின் வாயு வரும், அம்மோனியா உள்ள கிளீனரைச் சேர்த்தால் குளோரமைன் வரும். இரண்டும் நுரையீரலைத் தாக்குபவை. பெராக்சைடையும் வினிகரையும் ஒரே பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். அரிக்கும் தன்மையுள்ள பெரசெட்டிக் அமிலம் உண்டாகும்.

அடிக்கடி துவைக்காமல் இருக்க

வாங்கிய அன்றே, முதல் முறை போடும் முன், நீர் விலக்கும் ஸ்ப்ரேயை அடித்துவிடுங்கள். காற்றோட்டமான இடத்தில், ஒரு சாண் தள்ளிப் பிடித்து, சொட்டச் சொட்ட அடிக்காமல் மெல்லியதாக ஒரு பூச்சு; காய்ந்தபின் இன்னொன்று. ஒரு நாள் விட்டுப் போடுங்கள். ஒவ்வொரு துவைப்புக்குப் பிறகும் மறுபடி அடிக்க வேண்டும். இன்னும் வேலை செய்கிறதா என்று தெரிய, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், உருண்டால் இருக்கிறது.

வெளியே போய் வந்ததும் கழற்றிய கையோடு ஈரத்துணியால் சோல் ஓரத்தையும் முனையையும் ஒரு துடை. ஒரு நிமிட வேலை. அன்றைய தூசி அன்றைக்கே சுலபமாக வரும். ஒரு வாரம் மடிப்புகளில் மடிந்து மடிந்து இறங்கியது வராது. இதைத் தொடங்கிய பிறகு நான் முழுத் துவைப்புக்கு உட்காருவது வருடத்தில் மூன்று நாலு தடவைதான்.

ஒரே ஷூவைத் தினமும் போடாதீர்கள். வேர்வை உள்ளேயிருந்து ஊறி வெளியே வருவதும் மஞ்சளுக்கு ஒரு காரணம். உள்ளே முழுக்கக் காய ஒரு நாளாவது வேண்டும். நாற்றம் வந்தால் மெல்லிய துணி முடிச்சில் பேக்கிங் சோடா கட்டி இரவு உள்ளே வையுங்கள். நேராகக் கொட்டினால் தையல்களில் போய் உட்கார்ந்துகொண்டு, அடுத்த வேர்வையில் வெள்ளைத் திட்டாக வெளியே வரும்.

நீண்ட நாள் எடுத்து வைப்பதாக இருந்தால், சுத்தம் செய்து முழுக்கக் காய்ந்தபின், வெள்ளைக் காகிதம் திணித்து, காற்றுப் போகும் பெட்டியில் அல்லது பருத்திப் பையில் வையுங்கள். கூட இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம். பிளாஸ்டிக் கவரில் கட்டி வைக்க வேண்டாம். மாதம் ஒருமுறை எடுத்து வெளிக்காற்றுப் படவையுங்கள், முடிந்தால் வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டு நாலு நடை நடந்து பாருங்கள். பல வருடம் பூட்டி வைத்த பாலியூரிதேன் சோல், வெளியே எடுத்துப் போட்ட முதல் நாளே துண்டு துண்டாகப் பெயர்ந்து வருவதுண்டு.

லெதரில் பூச்சே உரிந்து அடித்தோல் தெரிகிறது என்றால் அதைத் துவைத்துச் சரிசெய்ய முடியாது. லெதருக்கான அக்ரிலிக் வெள்ளைப் பெயிண்டை மெல்லிய அடுக்குகளாக, ஒவ்வொன்றும் காய்ந்தபின் அடுத்ததாகப் பூசலாம். கடையில் வாங்கும் சுத்த வெள்ளை, உங்கள் ஷூவின் வெள்ளையோடு பெரும்பாலும் ஒத்துப்போகாது. ஒரு துளிக்கும் குறைவான மஞ்சளோ சாம்பலோ கலந்து, நாக்கின் மறைவான ஓரத்தில் ஒரு பொட்டு வைத்துக் காயவிட்டு, பகல் வெளிச்சத்தில் பார்த்த பிறகு முன்பக்கம் வாருங்கள்.